மெஷின் நாலுன்னா நாலுதான்

அதெல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி. மெஷின் நாலுன்னா நாலுதான். நீங்க சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதீங்க. உக்காருங்க. மதினிய இப்பத்தான உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க? மொதல்ல வாந்தி வராம இருக்க ஒரு மருந்து ஏத்துவாங்க. பொறவு கொஞ்ச நேரம் வெறும் உப்புத்தண்ணி. அதுக்கப்புறந்தான் அந்த செகப்பு மருந்து. அத மாட்டவே எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். இங்கன தள்ளி உக்காருங்க, ஃபேன் காத்து வரும்.

ஆறு தேங்கா ஒடச்சிருக்கேங்கீங்க. ஒவ்வொரு தடவ மருந்து ஏத்தும்போதும் வாசல் பிள்ளையாருக்கு ஒண்ணு. சரி, நல்ல காரியந்தான். ஆனா தேங்காய வச்சு மருந்துக் கணக்கு பாக்க முடியுமா சொல்லுங்க. ஏதாவது ஒரு நாள் ரத்தம் கொறச்சலா இருக்குன்னு ஏத்தாம திருப்பி அனுப்பியிருப்பாங்க. அன்னைக்கும் ஒடச்சிருப்பீங்க. இல்லையா? ஒரு நாளும் திருப்பி அனுப்பலையா? சரி விடுங்க. ஞானதுரை டாக்டர் ஐயா ஆறோட போதும், இனிமே சும்மா வந்து காட்டிட்டுப் போனா போதும்னு சொன்னாருங்கீங்க. அவரு ஆயிரம் பேரப் பாக்குத மனுசன். ஒரு ஆள்ட்ட சொல்ல வேண்டியத இன்னொரு ஆள்ட்ட சொல்லியிருப்பாரு. இன்னைக்கு இருக்க டாக்டரு தம்பி ஸ்கிரீனப் பாத்துச் சொல்லுதாரு. மூணு முடிஞ்சிருக்கு, இன்னைக்கு நாலாவது. அவரு பாக்குத ஸ்கிரீன் என்னோட மெஷின்லேருந்து வருதது. அதான் தைரியமாச் சொல்லுதேன்.

நான் யாருன்னு சொல்லலையே. ஆவுடையப்பன். இங்க கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு நாந்தான் இன்சார்ஜ். இருபத்திரெண்டு வருசம். ஜெனரேட்டர் ஓட்டத்தான் வந்தேன். பொறவு யூ.பி.எஸ்., பொறவு வயரு, பொறவு கம்ப்யூட்டர்னு ஒவ்வொண்ணா எங்கைக்கு வந்துச்சு. படிச்சவன் செய்யாத வேலையெல்லாம் செஞ்சிருக்கேன். இப்பம் ஒரு ரெண்டு வாரமா ஆளாளுக்கு உங்கள மாதிரியே கேக்குதாங்க. எனக்கு அஞ்சு முடிஞ்சிட்டே, ரெண்டுங்கீங்களே, எனக்கு முடிஞ்சே போச்சேன்னு. சிஸ்டருங்க பாவம், எத்தன பேருக்குத்தான் பதில் சொல்லுவாங்க. அதான் வேல இல்லாத நேரம் நானே இங்கன வந்து உக்காந்து நாலு நல்ல வார்த்த சொல்லுதது. வலியில கெடக்க சனம் எண்ணிக்கிட்டா இருக்கும்? மறந்துதான் போவும்.

இந்த மெஷினு ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்திரிக்கவே இல்ல, தெரியுமா. நேரம் இருக்கு, சொல்லுதேன்.

மெஷின்னா நீங்க நெனைக்குத மாதிரி இல்ல. மேல மாடியில ஏ.சி. ரூமுக்குள்ள பெரிய சர்வர் ஒண்ணு நிக்கி. அதுக்குள்ள அஞ்சு மெஷினு. ஒண்ணுக்கும் ஒடம்பு கெடையாது. விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. ஒரே வீட்டுல அஞ்சு குடித்தனம்னு வச்சிக்கிடுங்க. பில்லு போடுததுக்கு ஒரு குடித்தனம், எக்ஸ்ரேக்கு ஒண்ணு, அப்படி. அதுல ஒண்ணுதான் இந்த கீமோ மருந்துக் கணக்கு. யாருக்கு, எந்தத் தேதியில, எந்த மருந்து, எம்புட்டு, எல்லாம் அதுக்குள்ள. மின்ன மஞ்ச அட்டை ஒண்ணு குடுப்பாங்கல்லா, மதினிக்கும் மொதல்ல குடுத்திருப்பாங்களே. ஆடிப்பெருக்கு அன்னைக்கு புது சாஃப்ட்வேர் போட்டு அந்த அட்டைய நிறுத்தியாச்சு. எல்லாமே மெஷின்லதான். அத நிறுத்தச் சொன்னதும் நாந்தான். அட்டைய சனங்க மழையில நனச்சிக்கிட்டு, காப்பியக் கொட்டிக்கிட்டு வருவாங்க.

இந்தச் செகப்பு மருந்துக்கு மட்டும் கணக்கு ரொம்ப முக்கியம். அது ஆயுசுக்கும் இம்புட்டுதான்னு ஒரு அளவு உண்டாம். தாண்டுனா நெஞ்சுல உள்ள சதை தளந்து போயிருமாம். பொறவு என்ன செஞ்சாலும் திரும்பாதாம். ஞானதுரை ஐயாதான் சொன்னாரு. ஒவ்வொருத்தர் நெஞ்சுக்கும் ஒரு அளவு இருக்கு ஆவுடையப்பா, ஏத்துன மருந்த எறக்க முடியாது, கணக்க மட்டும் விட்டுராதீங்கன்னு. நாம விடுவோமா? அதுக்குத்தான மெஷினு.

அந்த சர்வரு நாலு வருசமா கண்ண மூடல அண்ணாச்சி. ஒரு நிமிசம் ஓய்வு கெடையாது. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மேலாக்க ஒரு பொட்டு வைப்பேன், மால போடுவேன், அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல. அருவா, சுத்தியல், ஆட்டோ, தறி, எல்லாத்தையும் அன்னைக்கு ஒரு நாள் ஓய வைக்கோம். ஓடிட்டு இருக்க ஒண்ணுக்குப் பொட்டு வச்சா அது என்ன பூஜை? அன்னைக்கு ஓ.பி. லீவு, கீமோவும் கெடையாது. இந்த வருசம் ஆஸ்பத்திரிய நடத்துத எம்.டி. அம்மாட்ட கேட்டு, காலைல ஒவ்வொரு மெஷினா மொறைப்படி அணைச்சு, கடைசியா சர்வரையும் அணைக்கதுன்னு முடிவு பண்ணேன்.

பூஜைன்னா மொதல்ல சுத்தம் பண்ணணும்லா. வெளிய தொடைக்கது எல்லாரும் செய்வான். நான் உள்ளயும் கூட்டுவேன். சர்வருல எடம் பத்தலன்னு ஒரு மாசமா மஞ்ச எழுத்துல காட்டிட்டே இருந்துச்சு. உள்ள போயி பாத்தா மருந்துங்குத பேருல ரெண்டு ஃபைலு. ஒண்ணு சுத்தமா இருக்கு. இன்னொண்ணு அதே பேரு, பின்னால வாலு மாதிரி சைபர் சைபரா போட்டு ஒரு ஒண்ணு. எவனோ நகல் எடுத்துப் போட்டுட்டு மறந்துட்டான். புரட்டாசி பொறந்ததுமே அத அழிக்கப் பாத்தேன். விடல. இது புழக்கத்துல இருக்குன்னு மல்லுக்கு நின்னுச்சு. பூஜை அன்னைக்கு அஞ்சு மெஷினையும் அணைச்சிட்டு, சர்வர அணைக்குததுக்கு மின்ன ஒரு அமுக்கு அமுக்கினேன். எதுத்து ஒரு வார்த்த பேசல. அந்தானைக்கு போயிட்டு. மஞ்ச எழுத்தும் போயிட்டு. எனக்கு வீட்டக் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு.

பொறவு சந்தனம், குங்குமம், பொரிகடல, கொண்டக்கடல சுண்டல். பின்பக்க வாசல்ல பூசணிக்கா ஒடச்சோம். எம்.டி. அம்மா வந்து தீவார்த்தனையத் தொட்டுக் கும்பிட்டுட்டு, ஆவுடையப்பன் சார், நீங்க இருக்கதால தைரியமா இருக்கேன்னு சொன்னாங்க. அந்த ரூமு அவ்வளவு அமைதியா நான் பாத்ததே இல்ல. ஃபேன் சத்தம் இல்ல, வெளக்கு இல்ல. எனக்கே கொஞ்சம் என்னமோ மாதிரித்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் விஜயதசமி. காலைல ஏழு மணிக்கு வந்து சூடம் காட்டிட்டு சர்வர எழுப்பினேன். எந்திரிச்சிட்டு. பில்லு மெஷினு எந்திரிச்சிட்டு. எக்ஸ்ரே எந்திரிச்சிட்டு. நாலும் எந்திரிச்சிட்டு. மருந்துக் கணக்கு மட்டும் எந்திரிக்கல. ஒரு ஃபைலக் காணோம், தொடங்க முடியாதுங்குது. திருப்பி அமுக்கினேன். அதே பேச்சு. சர்வரையே அணைச்சிப் போட்டேன். அதே பேச்சு. சந்தனத் தண்ணி உள்ள எறங்கிட்டோன்னு பின்பக்கம் கழத்தித் தொடச்சேன். ஒவ்வொரு வயரா உருவி மாட்டினேன். மெமரி பத்தலையோன்னு அடுத்த மெஷினுக்குள்ளத புடுங்கி இதுக்குக் குடுத்தேன். ஒண்ணுக்கும் அசையல. பூசணிக்காய ஒழுங்கா ஒடைக்கல, கண்ணு பட்டுட்டுன்னு வாட்ச்மேன் சொன்னான். எனக்கும் அதான் தோணுச்சு.

எட்டரைக்கெல்லாம் கீழ இந்த பெஞ்சு பூரா ஆளு. இருபத்தி மூணு பேரு. கையில ஊசி குத்தி டேப்பு ஒட்டி உக்காந்திருக்காங்க. வள்ளியூர்லேருந்து, நாங்குநேரிலேருந்து, மொத பஸ்ஸப் புடிச்சி வந்த சனம். கணக்கு தெரியாம ஏத்தக் கூடாதுன்னு சிஸ்டர் உக்காத்தி வச்சிருக்காங்க. எம்.டி. அம்மா ரெண்டு தடவ படியேறி வந்துட்டாங்க. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போனாங்க. எனக்கு அழுக வந்துட்டு அண்ணாச்சி. இருபத்திரெண்டு வருசத்துப் பேரு ஒரு காலையில போயிருமோன்னு பயந்துட்டேன். பேக்கப் எடுக்குத பெட்டி ஒண்ணு உண்டு, அது ஆவணியிலேயே ரிப்பேரு. நான் எழுதிக் குடுத்துட்டேன், அது எந்த மேசையில கெடக்கோ.

சாஃப்ட்வேர் போட்ட கம்பெனிக்கு போன் போட்டேன். மதுரையில ஒரு பொண்ணு, ஹெப்சிபான்னு பேரு, அவதான் நம்ம ஆஸ்பத்திரிக்கு இன்ஜினியரு. எம்மவ வயசு இருக்கும். எடுத்த எடுப்புல கேக்கா, சார் ஏதாச்சும் ஃபைல அழிச்சீங்களான்னு. இல்லம்மா, பூஜை போட்டோம், அம்புட்டுதான்னேன். குப்பையக் கூட்டுனத அழிச்சேன்னா சொல்லுவாங்க? அவ சொன்னா, சார், நான் அடுத்த பஸ்ஸப் புடிச்சி வாரேன், அது வரைக்கும் எதையும் தொடாதீங்க, புதுசா ஒண்ணும் எழுதிராதீங்க, எடம் அப்படியே கெடந்தா ஏதாவது போயிருந்தாலும் தோண்டி எடுத்துரலாம்னு. மதுரையிலேருந்து அவ வந்து சேர மத்தியானம் ஆயிரும். இருபத்தி மூணு பேரையும் அது வரைக்கும் உக்காத்தி வைக்கவா? அவளுக்கு என்ன, பஸ்ஸுல சன்னல் ஓரமா உக்காந்து வருவா.

நானே எறங்கிட்டேன். புதுசா ஒரு மெஷின உண்டாக்கினேன். அந்தச் சுத்தமான ஃபைலு இருக்குல்லா, சைபர் இல்லாதது, அதுக்கு ஒரு நகல் எடுத்து அங்கனயே எறக்கி, புது மெஷினோட சேத்து மாட்டினேன். அமுக்கினேன். கருப்பா இருந்துச்சு. ரொம்ப நேரம் கருப்பாவே இருந்துச்சு. பொறவு பைய எழுத்து வந்துச்சு. பேரு கேட்டுச்சு. உள்ள போனா எல்லாரும் இருக்காங்க. பேரு, ஊரு, வயசு, எல்லாம். நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். கீழ எறங்கி வந்து ரெடின்னு சொன்னதும் இந்த பெஞ்சுல இருந்த ஒரு அம்மா எங்கையப் புடிச்சிக்கிட்டாங்க.

அன்னைக்கே ரெண்டு மூணு பேரு கேட்டாங்க, தேதி மாறி இருக்கேன்னு. எல்லாரும் பசியில இருந்தாங்க, நான் பெருசா எடுத்துக்கல.

அந்தப் பொண்ணு ரெண்டு மணிக்கு வந்தா. தண்ணிகூட குடிக்கல. ஸ்கிரீனப் பாத்தா, கீழ எறக்கி எறக்கிப் பாத்தா, அப்படியே நாக்காலியில உக்காந்துட்டா. கடைசியா பதிஞ்ச தேதியப் பாத்தீங்களா சார்ங்கா. ஆடிப்பெருக்கு அன்னைக்குக் காலைல. அதுக்குப் பொறவு ஒண்ணும் இல்ல. என்னமோ சொல்லுதா அண்ணாச்சி, அன்னைக்கு புது சாஃப்ட்வேர் போடும்போது ஸ்நாப்ஷாட்னு ஒண்ணு எடுத்தாளாம். பழசத் தொடாமக் கட்டி வச்சிட்டு, அதுக்கு மேல எழுதுததெல்லாம் அந்த சைபர் ஃபைல்ல போற மாதிரி. ஒரு வாரத்துல ரெண்டையும் ஒண்ணாச் சேத்திருக்கணும், அவ கம்பெனியில விட்டுட்டாங்களாம். அத அவளே ஒத்துக்கிடுதா பாருங்க, தப்பு அங்கனதான். பொறவும் என்னையப் பாத்துச் சொல்லுதா, நீங்க கூட்டுனது குப்ப இல்ல சார், ரெண்டு மாசம்னு. நகல அதே எடத்துல போட்டதால இனிமே தோண்டவும் முடியாதுன்னா. இது எந்திரிச்சிருக்கு, ஆனா இதுக்கு இன்னும் ஆடி மாசந்தான், இத வச்சு யாருக்கும் ஏத்தாதீங்கன்னா.

எந்திரிக்காத மெஷின எழுப்பிக் குடுத்திருக்கேன். ஒரு நல்ல வார்த்த சொல்ல அவளுக்கு வாய் வரல.

எம்.டி. அம்மாட்ட நாந்தான் பேசினேன். அவ பேசியிருந்தா அவங்க பயந்து போயிருப்பாங்க. ஆடிக்குப் பொறவு புதுசா வந்த நோயாளிங்க நாப்பது பேரு மட்டுந்தான் மெஷின்ல இல்ல, அவங்க பேர ரெண்டு நாள்ல திருப்பி ஏத்திரலாம்னு சொன்னேன். அதே மாதிரி ஏத்தியாச்சு. டோக்கன் நோட்டப் பாத்து நாப்பது பேரையும் தட்டியாச்சு. பழைய ஆளுங்கதான் எல்லாரும் முழுசா உள்ள இருக்காங்களே. மதினி பேரு கூட இருக்கே. இருக்க ஆள எதுக்குத் திருப்பி ஏத்தணும்? பழைய ஆளுங்க பில்லையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து ஒத்துப் பாக்கணும்னு அந்த ஹெப்சிபா சொன்னா. அது ஒரு மாசத்து வேல. ஞானதுரை ஐயா ஆஸ்திரேலியாவுல மக வீட்டுக்குப் போயிருக்காரு, வர்ற திங்கக்கெழம வாராரு. அவருக்கு எல்லாரையும் மொகம் தெரியும். வந்தா ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா போச்சு.

நடுவுல சின்னச் சின்னதா சில கொழப்பம் வரத்தான் செய்யுது, இல்லன்னு சொல்லல. பாளையங்கோட்டையில ஒரு வீட்டுக்கு, நாளைக்கு ஒம்பது மணிக்கு மருந்து ஏத்த வரவும்னு மெசேஜ் போயிருக்கு. மெஷினு தானா அனுப்புதது. அந்த வீட்டுப் பொண்ணு ஆவணியிலேயே தவறிட்டு. அவங்க அப்பா வந்தாரு. சண்டைக்குத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். சண்ட போடல. போன எங்கையில குடுத்து, வரச் சொல்லியிருக்கீங்களேன்னாரு. இங்கனதான், நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாரு. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. பொறவு அந்த மெசேஜ நிறுத்திட்டேன்.

கயத்தாத்துலேருந்து ஒரு டீச்சரம்மா. அவங்களும் உங்கள மாதிரியேதான், எனக்கு முடிஞ்சிட்டு, வேண்டாம், வேண்டாம்னு போன வாரம் ஒரே அடம். நாந்தான் பக்கத்துல உக்காந்து பேசி, டீச்சர், நீங்க பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கீங்க, மெஷினுக்குமா சொல்லிக் குடுப்பீங்கன்னு சிரிக்க வச்சு உள்ள அனுப்புனேன். முந்தாநாள் மூச்சு முட்டுதுன்னு கொண்டாந்திருக்காங்க. மேல ஐ.சி.யூ.ல இருக்காங்க. கால் ரெண்டும் வீங்கிப் போச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க. மழைக்காலம்லா, இந்த மாசத்துல சளி யாரையும் விடாது.

என்ன அண்ணாச்சி, தண்ணி வேணுமா? மொகமே ஒரு மாதிரி இருக்கு. காலைல சாப்பிட்டீங்களா இல்லையா?

மதினிக்கு ஏற்கெனவே நெஞ்சு கொஞ்சம் பலகீனமா? ஞானதுரை ஐயா சொன்னாரா, ஆறுக்கு மேல ஒண்ணு கூடக் கூடாதுன்னு? அத நீங்க டாக்டரு தம்பிட்ட சொன்னீங்களா? சொல்லியாச்சா. அவரு என்ன சொன்னாரு? அதான பாத்தேன். இன்னும் மூணுதான ஆயிருக்கு, ஆறுக்கு எங்க போயிட்டுன்னு கேட்டாருல்லா. சரியாத்தான் கேட்டிருக்காரு.

எனக்கு உள்ள கொதிக்கது என்ன தெரியுமா? அந்த மதுரப் பொண்ணு ஊருக்குப் போறதுக்கு மின்ன செஞ்சிட்டுப் போன வேல. உள்ள, மருந்து ஏத்துத ரூமுல இருக்க ஸ்கிரீன் மேல, ஒரு தாள்ல கொட்ட எழுத்துல எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கா. விஜயதசமி அன்னைக்கு. காலைலதான் அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, ரோசாப்பூ வச்சிருக்கேன். அதோட மூஞ்சியில கொண்டு போயி ஒட்டுதா. வார போற சனம் பாத்தா என்ன நெனைக்கும்? ஆஸ்பத்திரி பேரு என்னாவும்? அவ பஸ் ஏறுன கையோட நான் கிழிச்சிட்டேன். தூரப் போடல. திங்கக்கெழம அவ கம்பெனியிலேருந்து பெரிய ஆளு வாராராம், என் மேல புகாரு எழுதியிருக்கா. வரட்டும். இதக் காட்டி, இதான் உங்க பொண்ணு மரியாதையான்னு கேக்கணும்னு பையிலயே வச்சிருக்கேன். இந்தா, நீங்களே வாசிங்க. நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. வெளிச்சத்துல புடிங்க.

“ஆகஸ்ட் 3-க்குப் பிறகு ஏற்றிய மருந்து எதுவும் இந்த மெஷினில் இல்லை. பழைய நோயாளிகளிடம் எத்தனை முறை ஏற்றினார்கள் என்று கேளுங்கள். பில்லைப் பாருங்கள். பார்க்காமல் சிவப்பு மருந்து ஏற்ற வேண்டாம். ஹெப்சிபா.”

பாத்தீங்களா எழுத்த? ஒரு சார் இல்ல, ஒரு தயவுசெய்து இல்ல. சட்டம் போட்ட மாதிரி எழுதியிருக்கா.

அந்தா, மரகதம் சிஸ்டர் போறாங்க பாருங்க டிரேய எடுத்துட்டு. கருப்புத் தாள் சுத்தி இருக்கே, அதான் செகப்பு மருந்து. வெளிச்சம் படக் கூடாதுன்னு சுத்தி வச்சிருப்பாங்க. மதினிக்காத்தான் இருக்கும். சொன்னேன்லா, முக்கா மணி நேரம்னு. சரியா இருக்கா?

எங்க எந்திரிச்சிட்டீங்க? அந்தத் தாள எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. திங்கக்கெழமைக்கு வேணும். அண்ணாச்சி, மெதுவா. ஓடாதீங்க. உள்ள செருப்போட போகக் கூடாது, கழத்திப் போட்டுட்டுப் போங்க.